யூபிலியும் சிறைக்கதவும்

(நம் பங்கின் யூபிலி விழாவுக்கு முன் நடைபெற்ற தியான நாட்களில், இரண்டாம் நாள் மாலை பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நேற்று மாலை நம் முன்னோரின் விசுவாசத்தை எண்ணி நன்றி கூறினோம். கோயில் எழுந்த விதம், தேர் செய்த விதம், மழை பொய்த்த வருடங்களிலும் திருவிழாவை விடாமல் நடத்திய விதம், இவற்றையெல்லாம் பெரியவர்கள் சொல்லக் கேட்டு மகிழ்ந்தோம். இன்று அந்த "யூபிலி" என்ற சொல்லையே எடுத்துக்கொண்டு கொஞ்சம் சிந்திப்போம்.

யூபிலி என்றால் கொடியேற்றம், கூட்டுத் திருப்பலி, அன்பின் விருந்து, சிறப்பு மலர் என்று நினைத்துப் பழகிவிட்டோம். லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். ஐம்பதாம் ஆண்டு வரும்போது எக்காளம் ஊத வேண்டும். அடிமைப்பட்டவன் தன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். நிலத்தை இழந்தவன் நிலத்துக்குத் திரும்ப வேண்டும். ஆக, யூபிலி என்பது வீடு திரும்புதல். நம் ஆண்டவரும் நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் எசாயாவின் ஏட்டை விரித்து வாசித்தபோது, ஏழைகளுக்கு நற்செய்தி என்று சொன்ன கையோடு சிறைப்பட்டோரின் விடுதலையைத்தான் சொன்னார். ஏழை, பார்வையற்றோர் ஆகிய சொற்களை நாம் நிறுத்தி வாசிக்கிறோம். சிறைப்பட்டோர் என்ற சொல்லை மட்டும் ஓடி வாசித்துவிடுகிறோம். ஏனென்றால் அந்தச் சொல் நமக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

நம் திருத்தந்தை பிரான்சிஸ் அதை ஓடி வாசிக்கவில்லை. 2024 டிசம்பர் 26, புனித முடியப்பர் திருநாளன்று, உரோமை நகரின் ரெபீபியா சிறைச்சாலையில் யூபிலி ஆண்டின் புனிதக் கதவைத் திறந்தார். பெரிய பேராலயங்களுக்கு உரிய அந்தச் சடங்கைச் சிறைக்கூடத்தில் நிகழ்த்தினார். 2025 ஏப்ரல் 17, பெரிய வியாழனன்று, நோயால் தளர்ந்த நிலையிலும் ரெஜினா சேலி சிறைக்குப் போய் அங்கிருந்தவர்களைச் சந்தித்தார். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 21 அன்று இறைவனடி சேர்ந்தார். கடைசி வாரத்தில், நடக்கவும் இயலாத ஒரு மனிதர் தேடிப்போன இடம் சிறை என்றால், அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறதல்லவா?

பிரியமானவர்களே, சிறை நம் மண்ணின் கத்தோலிக்கருக்குப் புதிய இடமன்று. புனித அருளானந்தரை நினைத்துப் பாருங்கள். 1647-இல் லிஸ்பன் நகரில், அரண்மனையோடு பழகிய குடும்பத்தில் பிறந்தவர். பிள்ளைப் பருவத்தில் இளவரசர் பேதுருவின் தோழராக வளர்ந்தவர். தாயார் எவ்வளவோ தடுத்தும் 1673-இல் கப்பலேறினார். காவியுடுத்து, புலால் துறந்து, பண்டார சுவாமியாக நம் நாட்டில் நடந்தார். 1686-இல் மறவர் சீமையில் உபதேசியார்களோடு பிடிபட்டார். சாட்டையடி, தண்ணீரில் அமிழ்த்துதல், கட்டிப்போடுதல் என எல்லாம் பட்டார். கிழவன் சேதுபதி அவரை விடுவித்து, இனி இந்தச் சீமைக்கு வரக்கூடாது என்று அனுப்பிவைத்தார். பிறகு ஐரோப்பாவுக்குப் போனபோது, அங்கேயே தங்கச் சொல்லி அரசர் வற்புறுத்தினார். அவர் தங்கவில்லை. திரும்பி வந்தார், 1693 ஜனவரியில் மறுபடியும் சிறை, பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் வாளுக்கு இரையானார்.

ஓரியூருக்கு நம்மில் பலர் வண்டி கட்டிப் போயிருக்கிறோம். செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசியிருக்கிறோம். ஆனால் அவர் கொல்லப்படுவதற்கு முந்திய நாள் நடந்ததை நினைத்திருக்கிறோமா? சிறையில் மையும் இல்லை, எழுதுகோலும் இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்து, ஒரு குச்சியை எழுதுகோலாக்கி, தம் மேலாளராகிய தந்தை லைனஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். சாவை எதிர்பார்த்து மகிழ்ச்சியோடு காத்திருக்கும் மனிதர். ஆனாலும் தம்மவரோடு ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று அவருக்கும் இருந்தது. வேதசாட்சிக்கே அந்த ஏக்கம் இருந்ததென்றால், சாதாரணக் கைதிக்கு எப்படி இருக்கும்? சிறையின் பெரிய துன்பம் சோறு அல்ல, பாய் அல்ல; வெளியே இருப்பவர்களோடு அறுந்துபோகும் அந்தத் தொடர்புதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அருளானந்தரோடு கட்டுண்டு கிடந்த உபதேசியார்கள் நம்மவர்கள், தமிழ் பேசியவர்கள், குடும்பமுள்ளவர்கள். அவர்களின் பெயரை நாம் எந்த மன்றாட்டுமாலையிலும் சொல்வதில்லை. சிறைக்குப் போனவர்களின் பெயர் சீக்கிரம் மறந்துபோகும்.

அருளானந்தர் தொலைதூரத்திலிருந்து நம்மிடம் வந்தவர். நம்மிடமிருந்து தொலைதூரம் போனவர்களும் உண்டு. திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-இல் பிறந்த சேசு சபைக் குரு தந்தை ஸ்டேன் சுவாமி, வடக்கே இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்துக்குப் போய், ஆதிவாசி மக்களோடு பல்லாண்டு வாழ்ந்தார். அங்கே அவர் கண்ட ஒரு காட்சி அவரை உறங்கவிடவில்லை. ஆதிவாசி இளைஞர்கள் பலர், விசாரணை முடியாமல், ஜாமீன் எடுக்க ஆளில்லாமல், வருடக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். அவர்களைப் பற்றி 2016-இல் ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார். அவர்களுக்காக ராஞ்சியிலுள்ள உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடர்ந்தார். பிறகு அவரே விசாரணைக் கைதியானார். 2020 அக்டோபர் 8 அன்று தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்து, நவி மும்பையிலுள்ள தலோஜா சிறையில் அடைத்தது. மாவோயிஸ்டுகளோடு தொடர்பு என்பது குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார். வழக்கின் வாதங்களை ஆராய இது இடமன்று. 83 வயது முதியவர், பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்க ஒரு குழலும் அதற்கேற்ற குவளையும் வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்க வேண்டியிருந்தது. உடனிருந்த கைதிகள்தாம் அவருக்குச் சோறு உண்ணவும் குளிக்கவும் உதவினார்கள். 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் மனு நிலுவையில் இருக்க, மும்பையில் மருத்துவமனையில் காலமானார். விசாரணை தொடங்கவே இல்லை.

வீட்டைவிட்டுத் தொலைவில் ஊழியம் செய்த இந்த இரு குருக்களையும் வைத்துக்கொண்டு நான் சொல்லவந்தது ஒன்றுதான். சிறையிலிருப்பவருக்கு வேண்டியவை பெரும்பாலும் மிகச் சிறியவை. ஒரு கடிதம், தண்ணீர் குடிக்க ஒரு குழல், ஜாமீனுக்கு ஒரு கையெழுத்து. சிறியவையாக இருப்பதாலேயே நாம் அவற்றைச் செய்யாமல் விட்டுவிடுகிறோம்.

இதை நான் உங்களைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. என் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் இளங்குருவாக வேறொரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தபோது, ஞாயிறு பூசை முடிந்து ஒரு தாயார் அறைவாசலில் வந்து நின்றார்கள். விதவை. ஒரே மகன், கூலி வேலைக்காரன். ஏதோ தகராறில் பெயர் சேர்ந்து சிறைக்குப் போயிருந்தான். நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துவிட்டது. ஆனால் இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். "சாமி, யாராச்சும் ரெண்டு பேரச் சொல்லி விடுங்க சாமி. எங்களுக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டேங்கிறாக" என்றார்கள். நான் என்ன செய்தேன்? "செபம் பண்ணுவோம் அம்மா, கடவுள் வழிவிடுவார்" என்று சொல்லி, பஸ் செலவுக்கு நூறு ரூபாய் கொடுத்தேன். அந்தத் தாயார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த ஞாயிறு பலிபீடத்திலிருந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நிலம் வீடுள்ளவர் இருவராவது எழுந்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. ஒரு வழக்கில் கோயிலை இழுக்க வேண்டாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், பயம்.

சில மாதங்களில் அந்தத் தாயார் காய்ச்சலில் இறந்துபோனார்கள். அடக்கத் திருப்பலியை நான்தான் நிறைவேற்றினேன். மகனை அடக்கத்துக்கு அழைத்துவர நீதிமன்றத்தில் கேட்கலாம் என்பது அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பிறகு எப்படியோ அவன் வெளியே வந்தான். நேரே என்னிடம் வந்தான். கோபப்படவில்லை. "சாமி, எங்கம்மாவ எந்த இடத்துல வச்சிருக்கீக?" என்று மட்டும் கேட்டான். கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். மழைக்குப் புல் மண்டிக் கிடந்தது. அவன் ஒவ்வொரு புல்லாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் நின்றேன். அன்று எனக்குச் செபமும் வரவில்லை. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தைக் குருமடத்தில் தேர்வுக்குப் படித்திருக்கிறேன். அதன் பொருளை அந்தக் கல்லறையில்தான் கற்றேன்.

"சாமி, குற்றம் செய்தவனுக்கெல்லாம் நாம் பரிந்து பேசலாமா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதலாவது, சிறையிலிருப்போர் எல்லாரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானவர்கள் அல்லர். 2022-ஆம் ஆண்டு முடிவில் நம் நாட்டுச் சிறைகளில் ஏறக்குறைய 5,73,000 பேர் இருந்தார்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். இரண்டாவது, தண்டனை பெற்றவரைச் சந்திப்பது குற்றத்தை நியாயப்படுத்துவது ஆகாது. பாதிக்கப்பட்ட குடும்பத்தை மறந்துவிட்டுக் கைதியை மட்டும் பார்க்கப் போவதும் கிறிஸ்தவம் ஆகாது. இரண்டு வீட்டுக்கும் போக வேண்டும். அழுகிற வீட்டுக்கு முதலில் போக வேண்டும்.

அந்த இரண்டு வீடுகளும் ஒன்றான கதை ஒன்று நம் காலத்திலேயே நடந்திருக்கிறது. கேரளத்தின் புல்லுவழி ஊரில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் ஏழை மக்களிடையே ஊழியம் செய்தவர். 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பஸ்ஸில் ஓர் இளைஞனால் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். சகோதரியின் உடன்பிறந்த தங்கை, அவரும் ஒரு கன்னியர், 2002-இல் சிறைக்குப் போய் அந்த இளைஞன் கையில் ராக்கி கட்டி, சகோதரனாக ஏற்றுக்கொண்டார். குடும்பமே மனுக்கொடுத்து 2006-இல் அவனுக்கு விடுதலை கிடைத்தது. அடுத்த ஆண்டு அவன் புல்லுவழி வீட்டுக்கு வந்தபோது, மகளைப் பறிகொடுத்த தாய் அவன் கைகளை எடுத்து முத்தமிட்டார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். மன்னிப்பு என்பது அந்தக் குடும்பத்துக்கு ஒரே நாளில் வந்ததன்று. ஏழு வருடங்கள் ஆயின. ஆனால் வந்தது.

இப்பொழுது நம் ஊருக்கு வருவோம். முன்பு நம்மிடமிருந்து ஜார்க்கண்டுக்குக் குருக்கள் போனார்கள். இன்று வடமாநில இளைஞர்கள் நம் பக்கம் வந்திருக்கிறார்கள். இராஜபாளையத்து நூற்பாலைகளுக்குப் போய் வருகிறவர்கள் அவர்களைத் தினமும் பார்க்கிறீர்கள். அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. இவர்களில் ஒருவன் ஏதோ ஒரு சண்டையில் சிக்கி மதுரை மத்திய சிறைக்குப் போனால், அவன் பேச்சு யாருக்குப் புரியும்? அவனுக்கு மனுப்போட்டுப் பார்க்க யார் வருவார்? அவனுடைய தாய் அங்கே எந்த மலையடியில் இருக்கிறாளோ! நம் வீட்டுப் பிள்ளை சவூதியிலோ மலேசியாவிலோ இப்படி மாட்டிக்கொண்டால், அங்கே ஒரு முகம் அவனைத் தேடி வராதா என்று நாம் ஏங்கமாட்டோமா? வேதபோதகர்கள் கடல் கடந்து தேடிப்போன தொலைதூரம், இன்று நம் பஸ்ஸில் நம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே யூபிலியின் நினைவாக மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, சட்ட உதவி. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, காவலில் இருப்பவர் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமலே, இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அதற்கான மாவட்ட ஆணைக்குழு நம் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் பேசலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் ஜாமீனில் விட வழி செய்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையிலுள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளிவராதவரைப் பற்றிச் சிறை அதிகாரி ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் நெறிப்படுத்தியுள்ளது. இவற்றை அறிந்த நாலு பேர் ஒரு பங்கில் இருந்தால் போதும், எத்தனையோ தாய்மார் வாசல் வாசலாக அலைய வேண்டியதில்லை. ஜாமீன்தாரராக நிற்பது விளையாட்டன்று. அவன் வழக்குக்கு வராமல் போனால் பிணைத் தொகையை நாம் கட்ட நேரும். ஆகையால் அவனை நேரில் பார்த்து, வழக்கைத் தெரிந்துகொண்டு, வீட்டாரோடு கலந்து பேசிச் செய்யுங்கள். பயத்தினால் மட்டும் மறுக்காதீர்கள்.

இரண்டாவது, சந்திப்பு. இங்கிருந்து மதுரைக்கு மனுப் பார்க்கப் போகிற ஏழைக் குடும்பத்துக்கு, கிருஷ்ணன்கோவில் போய்ப் பஸ் மாறி ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகிறது. அதற்கென ஒரு சிறு நிதி வைப்போம். சிவகாசிப் பக்கத்தில் இருந்துகொண்டு வாணவேடிக்கையை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை! பத்தில் ஒரு பங்கை மட்டும் குறைத்துக்கொண்டால் அந்த நிதிக்குப் போதும். வின்சென்ட் தே பவுல் சபையினர் இதை ஏற்றுக்கொள்வது பொருத்தம்; ஏனெனில் அந்தப் புனிதர்தாம் 1619-இல் பிரான்சு நாட்டில், கப்பலில் துடுப்புப் போடத் தண்டிக்கப்பட்ட கைதிகளுக்கு ஆன்ம குருவாக நியமிக்கப்பட்டவர்.

மூன்றாவது, வரவேற்பு. இதற்குப் பணம் வேண்டாம். தண்டனை முடிந்து ஒருவன் ஊருக்கு வருகிறான். டீக்கடையில் பேச்சு நின்றுபோகிறது. கோயிலில் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்கிறான். அவன் பிள்ளையைப் பள்ளியில் "ஜெயில்காரன் மகன்" என்கிறார்கள். நீதிமன்றம் கொடுத்த தண்டனை முடிந்துவிட்டது. நாம் கொடுக்கிற தண்டனைக்கு முடிவே கிடையாது. சமாதானம் சொல்லிக் கைகூப்பும் வேளையில், அந்தத் தூணுக்குப் பின்னால் இருப்பவரைத் திரும்பிப் பார்த்து ஒருமுறை கைகூப்புங்கள். நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்.

பிரியமானவர்களே, நம் கோயில் கோபுரத்துக்கு வர்ணம் பூசிவிட்டோம். மேற்கே மலையடிவாரத்து வயல்களிலிருந்து பார்த்தாலும் தெரிகிறது, எனக்கும் பெருமைதான். ஆனால் விழா முடிந்த பிறகு, இந்தப் பங்கைச் சேர்ந்த ஒருவராவது, சிறையிலிருந்தோ சிறை முடிந்தோ, "எனக்கும் யூபிலி வந்தது" என்று சொல்ல வேண்டும். அன்றுதான் நாம் எக்காளம் ஊதியதாகக் கணக்கு. அந்தத் தாயாரின் கல்லறையருகே நான் பட்ட கடனை உங்களோடு சேர்ந்து தீர்க்க விரும்புகிறேன். விருப்பமுள்ளவர்கள் வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். இரண்டு பேர் வந்தாலும் ஆரம்பிப்போம்; ஜாமீனுக்கு இரண்டு பேர்தானே வேண்டும்!

கட்டுண்டவர்களை மறவாத இறைவன், புனித அருளானந்தரின் மன்றாட்டினால், உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.